எல்சி மேல் புகார் இல்லை

மலர்க்கொடிக்கு வேர்ப்பதே இல்லை. எல்சிக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். ராயபுரத்துச் சித்திரை வெயிலில் ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்காமல், பவுடர் கலையாத முகத்தோடு "வணக்கம் அக்கா" என்று நின்றால் அவளை எப்படி நம்புவது? எல்சிக்கு அந்த நேரம் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வா என்று சொல்ல மனசில்லை, சொல்லாமல் இருக்கவும் வழியில்லை. காப்பகத்தின் கமிட்டி பார்த்து வேலைக்கு வைத்த பெண் அவள்.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பழைய கூட்ட மண்டபத்தின் மாடி அது. கதவுக்கு மேல் ஒரு தகரப் பலகை. 'துறைமுகத் தொழிலாளர் நினைவு ஆவணக் காப்பகம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், 'காப்பாளர்: திருமதி எல்சி நோயல்'. தினமும் பூட்டைத் திறப்பதற்கு முன், வராந்தாவில் கிடக்கும் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் பலகையைத் துடைப்பாள் எல்சி. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, அதனால் துடைக்கிறேன் என்பாள். மேல் வரியை ஒப்புக்கு ஒரு இழுப்பு இழுப்பாள். கீழ் வரிக்குத்தான் துணியை நனைத்துக்கொண்டு வருவாள்.

அவள் படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவள் இல்லை. தொழிற்சங்க ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். சங்கம் நொடித்துப்போய் ஆபீசைக் காலி செய்தபோது, இருந்த காகிதத்தையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எல்சி வண்டிக்கு முன்னால் நடுரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. ராயபுரத்தில் இந்தக் கதை தெரியாதவர் கிடையாது. தெரியாதவர் யாராவது அகப்பட்டால் எல்சியே சொல்லிவிடுவாள். அந்த வண்டிக் காகிதத்தோடு, வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய கேட் பாஸ், கூலிச் சீட்டு, வேலைநிறுத்த நோட்டீஸ், தொழிலாளர்கள் கேங் கேங்காகத் தோளில் கை போட்டு நிற்கும் போட்டோ எல்லாம் சேர்ந்ததுதான் காப்பகம்.

இத்தனை வருஷம் யாரும் கேட்காததை இந்த வருஷம் ஒரு அறக்கட்டளைக்காரர்கள் கேட்டார்கள். இரும்பு அலமாரி, ஏசி, ஸ்கேனர் எல்லாம் தருகிறோம், ஆனால் சான்றிதழ் பெற்ற காப்பாளர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார்கள். ஆவணக் காப்பாளர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டாம், அதுதான் சான்றிதழ் தருமாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இதற்காகவே கமிட்டி கூடியது. அப்போதே, சான்றிதழ் வாங்கிய மலர்க்கொடியையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

செயலாளர் தவசிமுத்து தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். எதையும் கடைக் கணக்காகத்தான் பேசுவார். "லாரி ஓட்டுதவனுக்கு லைசென்ஸ் கேக்கோம். ஊசி போடுத நர்ஸுக்குச் சர்டிபிகேட் கேக்கோம். நம்ம பேப்பரப் பாத்துக்கிடுதவங்களுக்கு மட்டும் ஏன் கேக்கப்பிடாது? எல்சியம்மா நல்லாத்தான் பாக்காங்க. ஆனா நல்லா பாக்காங்கன்னு யாரு சொல்லுதா? நாமதான சொல்லுதோம்? நமக்கு என்ன தெரியும்?"

பாஸ்கல் எழுந்துவிட்டார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் கைகள் இன்னமும் நெம்புகோலைப் பிடித்த மாதிரியே மடங்கியிருக்கும். "இன்னா சார் பேசறீங்கோ? அந்தப் பேப்பரு குப்பைக்குப் போவ சொல்லோ எந்த சர்டிபிகேட்டுகாரன் வந்து வண்டிய மறிச்சான்? எல்சி தான குந்திகினா நடுரோட்ல? இன்னிக்கு ஏசி வருதுன்னதும் படிச்ச ஆளு கேக்குதா? நாளிக்கு எங்க போட்டோவ நாங்க பாக்கறதுக்கே சர்டிபிகேட் கேப்பீங்கோ!"

எல்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாஸ்கல் அண்ணனுக்கு அன்றைக்கே ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது.

அப்புறம் மலர்க்கொடியைக் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று, சுருக்கமாகத்தான் சொன்னாள். "சர்டிபிகேட் இருந்தா தப்பே பண்ண மாட்டேன்னு அர்த்தம் இல்லைங்க. தப்பு பண்ணினா என்னைக் கேக்கறதுக்கு ஒரு எடம் இருக்குன்னு அர்த்தம். நீங்க யார் வேணும்னாலும் சங்கத்துக்குப் புகார் கொடுக்கலாம். விசாரிப்பாங்க. சர்டிபிகேட்டைப் பறிக்கவும் பறிப்பாங்க."

"எல்சி தப்பு பண்ணா நாங்க கேக்க மாட்டமா?" என்றார் பாஸ்கல்.

"தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சா கண்டிப்பா கேப்பீங்க ஐயா."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாஸ்கலும் சிரித்தார். எல்சியின் வஞ்சிர மீன் அங்கேயே கெட்டுப்போனது. வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பாள், கள்ளி, என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் கமிட்டி ஒரு சமாதானம் பேசியது. ஆறு மாதம் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கட்டும், அப்புறம் பலகையில் யார் பேர் என்று முடிவு செய்வோம் என்றார்கள். மலர்க்கொடியின் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்சியின் மேஜைக்கு நேர் எதிர்ச் சுவரில் தவசிமுத்துவே ஆணி அடித்து மாட்டினார். எல்சி நிமிர்ந்தால் அதுதான் தெரியும். அதனால் அவள் நிமிர்வதைக் குறைத்துக்கொண்டாள்.

முதல் வாரமே மலர்க்கொடி ஒரு விண்ணப்பத் தாளோடு வந்தாள். "நீங்களும் வாங்கலாம் அக்கா. அனுபவம் இருக்கிறவங்களுக்குத் தனி வழி இருக்கு. பரீட்சை கிடையாது. அவங்க ஆள் வந்து நீங்க செஞ்ச வேலையைப் பாப்பாங்க, அவ்வளவுதான். நானே எழுதித் தரேன்."

"என் வேலைய எவ வந்து பாக்கறது?" என்றாள் எல்சி. அந்தத் தாள் டீ பிளாஸ்குக்கு அடியில் போய், வட்ட வட்டமாகக் கறை வாங்கிக்கொண்டு கிடந்தது.

வந்து பார்ப்பார்கள் என்பதுதான் எல்சிக்குப் பயம். அவள் செய்த வேலை என்றால், லேமினேஷன். வடசென்னையில் எதைத்தான் லேமினேஷன் போடுவதில்லை? ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், செத்துப்போனவரின் சாவுச் சான்றிதழ், குழந்தை முதன்முதலில் போட்ட கிறுக்கல், எல்லாம் போடுவோம். மழை வந்தால் முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் வரும் ஊரில் வேறு என்ன செய்ய முடியும்? எல்சி காப்பகத்துக்கென்றே ஒரு மெஷின் வாங்கி வைத்திருந்தாள். யாராவது அப்பாவின் படத்தைக் கொண்டு வந்தால், அவர்கள் கண்ணெதிரிலேயே அதை உறைக்குள் செருகி மெஷினில் விடுவாள். அந்தப் பக்கம் சுடச்சுட, பளபளவென்று வெளியே வரும். அதை இரண்டு கையாலும் வாங்கி அவர்கள் கையில் கொடுப்பாள். அந்தச் சூட்டைத் தொட்டதும் அழாதவர்கள் குறைவு. "எங்கப்பா இப்பதான் குளிச்சிட்டு வந்த மாரி கீறாரு" என்று ஒருத்தர் சொன்னது எல்சிக்கு எந்தப் பட்டத்தையும் விடப் பெரிசு. பெருவெள்ளத்தில் மண்டபத்தின் கீழ்த்தளத்தில் வைத்திருந்த பெட்டிகள் எல்லாம் கூழாகிப்போனபோது லேமினேஷன் போட்டவை மட்டும் மிதந்துகொண்டு வந்தன. அதிலிருந்து லேமினேஷன் விஷயத்தில் அவளை அசைக்க ஆளில்லை.

ஆனால் போன மழைக்காலத்தில் ஒரு காரியம் நடந்திருந்தது. ஒரு கேங் போட்டோவில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே பழுப்புத் திட்டு விழுந்திருப்பதைப் பார்த்தாள். திறந்து துடைத்துவிடலாம் என்று ஓரத்தில் பிளேடு வைத்துப் பிளாஸ்டிக்கைத் தூக்கினாள். படத்தின் தோலும் சேர்ந்து வந்துவிட்டது. நின்றவர்களின் முகமெல்லாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு போய், கையில் வெறும் வெள்ளைத் தாள் மிஞ்சியது. அந்தக் குடும்பங்களிலிருந்து யாரும் வருவதில்லை என்பது அவள் நல்ல நேரம். இரண்டையும் ஒரு பையில் சுற்றி பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். புருஷன் நோயலுக்குக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் மெஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்களே!

மலர்க்கொடி அலமாரிகளைப் பார்த்து முடித்த அன்றைக்கு, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "அக்கா, இனிமே லேமினேஷன் போட வேண்டாமே. அந்தச் சூட்டுல பசை உருகிப் படத்தோட ஒட்டிக்குது. நம்ம ஊரு ஈரம் உள்ளேயே மாட்டிக்குது. ஒட்டாத உறை இருக்கு, நான் வரவழைக்கிறேன். ஏற்கெனவே போட்டதைப் பத்தி யார்கிட்டயும் பேச வேணாம். மெதுவா ஒரு வழி பண்ணுவோம்."

அவள் திட்டியிருந்தால் எல்சி திருப்பித் திட்டியிருப்பாள். இந்த மெதுவான குரலுக்கு என்ன பதில் சொல்வது? மெஷின் மேல் ஒரு பழைய தலையணை உறையைப் போர்த்திவிட்டு வெளியே போய் நின்றாள். உள்ளுக்குள் புகைந்தது. சின்னப் பெண் வந்து தன் மானத்தைக் காப்பாற்றித் தருகிறாளாம்!

அன்றிலிருந்து எல்சியின் கண் வேறு எதையும் பார்க்கவில்லை. வருகிறவர்கள் முதலில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யார் பக்கம் நாற்காலியை நகர்த்துகிறார்கள், டீ வந்தால் முதல் டம்ளர் எந்த மேஜைக்குப் போகிறது, இதுதான் அவள் வேலையாகிவிட்டது. மலர்க்கொடி காலடிப்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவள். வரும்போது கையில் எதையாவது கொண்டு வந்து, "அம்மா கொடுத்தாங்க அக்கா" என்பாள். ஒரு நாள் அதிரசம் கொடுத்தாள். எல்சி அதைத் தின்று, நன்றாக இருந்ததற்காகவும் அவள் மேல் கோபப்பட்டாள்.

பாஸ்கல் செய்ததுதான் பெரிய துரோகம். மலர்க்கொடி அவரை உட்கார வைத்து அவர் கதையைப் போனில் பதிவு செய்தாள். எல்சிக்கு அந்தக் கதைகள் மனப்பாடம். எந்தக் கப்பலில் கயிறு அறுந்தது, எந்த மேஸ்திரி எந்த மேஸ்திரியை அடித்தான் எல்லாம் தெரியும். ஆனால் மலர்க்கொடியிடம் சொல்லும்போது பாஸ்கல் நடுவில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சம்சாரம் துறைமுகக் கேட்டுக்கு வெளியே சோற்றுத் தூக்கோடு நின்ற கதையைச் சொன்னார். எல்சி அதைக் கேட்டதே இல்லை. தன்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை, அவள் கேட்டாள் என்று அவளுக்கே புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் இரண்டு மடங்கானது.

வீட்டில் போய்ப் பொரிந்து தள்ளினாள். நோயல் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்த்துவிட்டு, காதுக்குள் வரை சாம்பலோடு வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல பொண்ணாட்டம் கீதே" என்றான். அவனுக்கு அன்றைக்கு இரண்டாம் தடவை குழம்பு ஊற்றப்படவில்லை.

ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அப்போதுதான் ஃபாத்திமா வந்தாள்.

ஃபாத்திமா கல்மண்டபம் பக்கத்தில் நைட்டி தைத்து விற்கிறவள். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளைப் பெற்ற அத்தா கப்பலின் சரக்கு அறைக்குள் இரும்புக் கம்பிக் கட்டு மேலே விழுந்து செத்துப்போய்விட்டார். வீட்டில் ஒரு படம் கிடையாது. காப்பகத்தில் இருக்கும் ஒரு கேங் போட்டோவில் இரண்டாவது வரிசையில் நிற்பவர் அவர்தான் என்று எல்சிதான் பாஸ்கலிடம் கேட்டுக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். வருஷா வருஷம் அத்தா இறந்த நாளில் ஃபாத்திமா வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவாள். அந்தப் படத்துக்கும் எல்சி லேமினேஷன் போட்டிருந்தாள். ஃபாத்திமா அதைச் சூடாக வாங்கி மாரோடு வைத்துக்கொண்டு அழுததை எல்சி எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

"எல்சிக்கா, அடுத்த மாசம் எம்பொண்ணுக்கு நிக்காஹ். என் அத்தா மூஞ்சிய அது சரியா பாத்ததே இல்ல. பெருசு பண்ணிக் குடுக்கா" என்றாள்.

எல்சி படத்தை எடுத்தாள். எடுத்தவுடன் அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிளாஸ்டிக்குக்குள் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. ஓரத்தில் எங்காவது எழும்பித் தொலைந்திருக்கலாம். சரியாக அந்த இரண்டாவது வரிசையில், அந்த மனிதர் முகத்தின் மேல், பாலாடை படிந்த மாதிரி வெள்ளையாக எழும்பியிருந்தது. மலர்க்கொடி வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூட்டம்தான் தெரிந்தது.

"இன்னாக்கா இது? போன வருசம் நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள் ஃபாத்திமா.

கதை சொல்ல வந்திருந்த பாஸ்கலும் குனிந்து பார்த்தார். எல்லோரும் எல்சியைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷம் போதும், எல்சியின் பலகை இறங்குவதற்கு. அவள் வாய் தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்தது.

"என்னிய ஏன் கேக்கற? சர்டிபிகேட் வாங்கினவங்க கீறாங்க, அவங்கள கேளு."

மலர்க்கொடி நிதானமாகத்தான் சொன்னாள். "இதைப் பிரிக்கிறது வேற படிப்புங்க. நான் காப்பாளர்தான். படத்துல கை வைக்க எங்க விதியில இடமில்லை. அதுக்குன்னு இருக்கிறவங்களுக்கு அனுப்பலாம். ஆனா மாசக்கணக்குல ஆகும்."

"அதுக்குள்ள நிக்காஹ் முடிஞ்சிடுமே" என்று ஃபாத்திமா அழ ஆரம்பித்தாள்.

"அப்போ அந்த சர்டிபிகேட்டு இன்னாத்துக்கு?" என்றாள் எல்சி. "சுவத்துல கீற ஓட்டைய மறைக்கவா?"

பாஸ்கல் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார். ஆனால் மலர்க்கொடியின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை மாதத்தில் எல்சி பார்க்காத சிவப்பு. ஃபாத்திமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்னால முடியும்மா. படிச்ச பொண்ணு நீ. அல்லா மேல பாரத்தப் போட்டு எடுத்துக் குடும்மா."

மலர்க்கொடி சுவரிலிருந்த சான்றிதழை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கத்து மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பிளேடை எடுத்தாள். எல்சி அவளுக்குப் பின்னால் போய் நின்றாள். பிளேடு ஓரத்தில் இறங்கியது. பிளாஸ்டிக் ஒரு மூலையில் வாய் திறந்தது. அதே சத்தம். எல்சிக்கு அந்தச் சத்தம் தெரியும். அடுத்து என்ன ஆகும் என்றும் தெரியும். பீரோவுக்கு அடியில் பையில் சுற்றி வைத்திருக்கிறாளே!

நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை நுனி நாக்குவரை வந்தது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்போது மலர்க்கொடியின் நெற்றியில் முடி முளைக்கும் இடத்தில் ஒரு முத்து வேர்வை கிளம்பி, மெதுவாகப் புருவம்வரை இறங்கியது. எல்சி அதைப் பார்த்தாள். சில்லென்று ஒரு சந்தோஷம் வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பிளாஸ்டிக் தூக்கியது. முகமும் தூக்கியது. மலர்க்கொடி உடனே நிறுத்தினாள், ஆனால் அந்த இரண்டாவது வரிசை போய்விட்டது. பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்த தோல் வெடித்துச் செதில் செதிலாக நின்றது. ஃபாத்திமா அதைக் குனிந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையே எல்சி ஆவணக் காப்பாளர் சங்கத்துக்குப் புகார் டைப் செய்தாள். பழைய டைப்பிஸ்ட் அல்லவா, ஒரு பிழை இல்லை. விதிக்கு மாறாக, தகுதி இல்லாத வேலையில் இறங்கி, ஒரு குடும்பத்தின் ஒரே படத்தை அழித்துவிட்டார் என்று எழுதினாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய நிம்மதி. நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

சங்கத்திலிருந்து விசாரிக்க வந்தவர் மாயா என்று ஒரு அம்மாள். நரைத்த முடியைக் கிராப் வெட்டியிருந்தார். கமிட்டி முழுக்க உட்கார்ந்திருந்தது. ஃபாத்திமாவும் வந்திருந்தாள். எல்சி வெளுத்த புடவை கட்டி, துக்கத்துக்கு வந்தவள் மாதிரி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மாயா கேட்டார், மலர்க்கொடி சொன்னாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "விதி தெரியும் மேடம். தெரிஞ்சும் செஞ்சேன். நாலு பேர் முன்னாடி முடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. தப்பு என்னோடதுதான்."

"லேமினேஷன் போட்டது யார்?" என்றார் மாயா.

எல்சி புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். மலர்க்கொடி அவள் பக்கம் திரும்பவே இல்லை. "நான் வர்றதுக்கு முன்னாடி போட்டது மேடம். அது இங்க எல்லாரும் செய்யறதுதான். தப்புன்னு இவங்களுக்கு யாரும் சொல்லித் தரலை."

மாயா எழுதிக்கொண்டார். ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படும், அதற்குப் பிறகு திரும்பப் பரீட்சை என்றார். மலர்க்கொடி தலையாட்டினாள். தானே ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்து கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மாயாவின் கையில் கொடுத்தாள்.

எல்சி இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். இப்போது சந்தோஷம் வர வேண்டும். ஆனால் நடந்தது வேறு. ஃபாத்திமா எழுந்து போய் மலர்க்கொடியைக் கட்டிக்கொண்டாள். "வுடும்மா. எனக்காகத்தான பண்ணே" என்றாள். தவசிமுத்து மூக்கைச் சிந்தினார். பாஸ்கல், "தப்பு பண்ணுச்சு, நெஞ்ச நிமித்தி ஒத்துக்கிச்சு பாரு. அதான் சார் படிச்ச புள்ள" என்றார். தண்டனை வாங்கியவளைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் நாற்காலி இழுத்துப் போட்டார். புகார் கொடுத்த எல்சி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அவளால் பொறுக்க முடியவில்லை. பாவம் செய்தாலும் அவளுக்குத்தான் மாலையா? மன்னிப்பும் அவளுக்குத்தானா? தான் என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் எல்சி எழுந்து நின்றுவிட்டாள்.

"நான்தான் லேமினேஷன் போட்டேன்" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "எனக்குத் தெரியும் மேடம். பிரிச்சா தோலு வந்துடும்னு எனக்கு முன்னாடியே தெரியும். இதோ பாருங்கோ." பீரோவுக்கு அடியிலிருந்து பையை இழுத்து மேஜை மேல் கொட்டினாள். வெள்ளைத் தாளும், முகங்கள் ஒட்டிய பிளாஸ்டிக்கும் விழுந்தன. "இது போன மழைல நான் பிரிச்சது. அத்த நான் சொல்லல. அவ கீறும்போது பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். சொல்லல."

மலர்க்கொடி அந்தப் பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் எல்சியைப் பார்த்தாள்.

ஃபாத்திமாதான் கேட்டாள். "பாத்துகினே நின்னியா எல்சிக்கா? எங்கத்தா மூஞ்சி போவ சொல்லோ பாத்துகினே நின்னியா?"

எல்சி மாயாவைத்தான் பார்த்தாள். "எழுதுங்க மேடம். எனக்கு இன்னா தண்டனை?"

மாயா பேனாவை மூடி வைத்தார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில். "உங்க பேர் எங்க சங்கத்துல பதிவாகியிருக்காம்மா?"

"இல்ல."

"அனுபவ வழியில விண்ணப்பம் ஏதாவது கொடுத்திருக்கீங்களா?"

எல்சியின் கண் டீ பிளாஸ்க் பக்கம் போனது. "இல்ல."

"அப்போ நான் எங்கம்மா எழுதறது? சான்றிதழ் இருக்கிறவங்களைத்தான் நாங்க கேள்வி கேட்க முடியும். உங்க மேல எங்களுக்குப் புகார் ஒண்ணும் இல்லை." அவர் சட்டத்தைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு வரியாவது எழுதுங்க மேடம்" என்றாள் எல்சி. மாயா அவளைப் பார்த்துக் கை கூப்பிவிட்டுப் படியிறங்கினார்.

ஃபாத்திமா மலர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். தவசிமுத்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. எல்சி இப்போது நிமிர்ந்துதான் இருந்தாள், வேறு எதையும் பார்க்க முடியவில்லை. மலர்க்கொடியிடம் இருந்த மாதிரி, பறித்துக்கொண்டு போக அவளிடம் என்ன இருந்தது? ஒரு வருஷம் கழித்து அந்தச் சான்றிதழ் திரும்பி அந்த ஆணிக்கே வரும். அந்த நினைப்பில் எல்சிக்கு வயிறு எரிந்தது. இத்தனைக்கு அப்புறமும் எரிந்தது.

பாஸ்கல் கடைசியாக எழுந்தார். வாசலில் நின்று மேலே பலகையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"போர்டு உன் பேர்லதான் கீது எல்சி. ஒருத்தனும் கயட்ட மாட்டான். சொம்மா இரு."